முகாம் போட்டால் ஏன் ஆள் வருவதில்லை?

கேள்வி: 27 ஏப்ரல் 2025

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பில் இருக்கிறேன். கடலூர் கடலோரக் குப்பங்களில் மூன்று வருடமாக இலவச மருத்துவ முகாம் போடுகிறோம். பந்தல், மைக், மருத்துவர்கள், வருகிறவர்களுக்குச் சுண்டல், எல்லாம் உண்டு. ஆள்தான் வருவதில்லை. வருவதும் போன முறை வந்த அதே பாட்டிகள். பிரஷர், சுகர் பற்றி இந்த மக்களுக்கு விழிப்புணர்வே இல்லை. புகையிலை, உப்பு எதையும் விடமாட்டேன் என்கிறார்கள். பழக்கத்தை மாற்ற வேறு எங்காவது புதிதாக ஏதாவது செய்து பார்த்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் எழுதவும்.

பதில்: 28 ஏப்ரல் 2025, இரவு 10.50

முகாம் எத்தனை மணிக்கு?

காலை பத்து மணி என்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. படகு விடிகாலை இரண்டு, மூன்று மணிக்குக் கிளம்பும். எட்டு ஒன்பதுக்குக் கரை சேரும். ஏலம் முடிந்ததும் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர் என்று போய்விடுவார்கள். ஆண்கள் வலையை அலசிப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். பத்து மணிக்குக் குப்பத்தில் விழித்திருப்பது கூடை தூக்க முடியாத பாட்டிகள் மட்டும்தான். அவர்கள்தான் உங்கள் சுண்டலைத் தின்றவர்கள்.

நான் முதுநகரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. என்னை டி.பார்ம் படிக்க வைத்தது அம்மா மீன் விற்ற காசு. அதனால் கல்லாவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கொஞ்சம் தெரியும்.

30 ஏப்ரல் 2025

விழிப்புணர்வு பற்றி ஒன்று. என் கடைக்கு வருகிறவர்களில் பிரஷர் என்றால் என்னவென்று தெரியாத ஆளை நான் பார்த்ததில்லை. "தம்பி, பிரஷர் மாத்திர மூணு குடு" என்று கேட்பார்கள். மூன்று! முப்பது நாள் சாப்பிட வேண்டியதை மூன்று மூன்றாக வாங்குகிறார்கள், ஏனென்றால் வருமானமும் அப்படித்தான் வருகிறது. படகு போகாத நாளில் மாத்திரையும் கிடையாது.

எனக்கு நுரையீரல் எப்படிக் கெடும் என்று பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். 2019 வரை ஒரு நாளைக்கு ஏழு சிகரெட். எனக்கு என்ன விழிப்புணர்வு குறைச்சல்?

2 மே 2025

இலவசம் கொடுத்து இழுக்கலாமா, அது லஞ்சம் மாதிரி ஆகாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கம் 134 கிராமங்களில், சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் நடத்தியது. 2019-இல் பொருளாதார நோபல் வாங்கிய அதே இருவர்தான். ஆய்வு முடிவு 2010-இல் வந்தது.

கிராமங்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் எதுவும் செய்யவில்லை. அங்கே எல்லாத் தடுப்பூசியும் போட்டு முடித்த குழந்தைகள் நூற்றுக்கு 6. இரண்டாவது பிரிவில் சொன்ன நாளில் தவறாமல் முகாம் நடந்தது. 18 ஆனது. மூன்றாவதில் அதே முகாம், கூடவே ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, கடைசி ஊசி முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டு. 39 ஆனது.

எனக்குப் பிடித்தது கணக்குப் பகுதி. பருப்பு கொடுத்தால் செலவு கூடும் என்றுதானே நினைப்போம்? ஒரு குழந்தைக்கு முழுசாக ஊசி போட்டு முடிக்க ஆன செலவு பாதியாகிவிட்டது. செவிலியர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நாலு குழந்தை வந்தாலும் நாற்பது வந்தாலும் சம்பளம் ஒன்றுதான்.

நம் ஊரிலும் இது புதிதில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இதே வகைதான். 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, அரசு மருத்துவமனையில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்று படிப்படியாகக் கொடுப்பது. என் தங்கைக்கு ஒரு தவணை வந்து சேரும்போது குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது. ஆதாரில் இனிஷியல் பின்னால், வங்கிக் கணக்கில் முன்னால். அவ்வளவுதான் குற்றம். பருப்பு என்றால் அன்றைக்கே கையில் கிடைக்கும். உதய்ப்பூரில் வேலை செய்தது அந்த "அன்றைக்கே" என்றுதான் நினைக்கிறேன்.

2 மே 2025, பின்னிரவு

எழுதிவிட்டுப் படுத்த பிறகு தோன்றியது. பருப்பு கொடுத்தும் நூற்றுக்கு 61 குழந்தைகள் முழுசாக முடிக்கவில்லையே. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நானும் பேசவில்லை.

5 மே 2025

வேறு எங்காவது புதிதாக என்று கேட்டீர்கள். நான் படித்ததிலேயே எனக்கு ஆசை வந்தது இது ஒன்றில்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்களுக்கு இரத்த அழுத்தம் அதிகம், மருத்துவரிடம் போவது குறைவு. ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு முடிவெட்டும் கடைகளுக்குப் போனார். 52 கடைகள், 319 பேர். பாதிக் கடைகளுக்கு மருந்தாளுநர் நேரில் வந்து பி.பி. பார்த்து மருந்து கொடுத்தார். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 புள்ளி இறங்கியது. 2018-இல் வெளியானது. 27 என்பது சாதாரண இறக்கம் இல்லை.

படித்ததும் என் கடைக்கு மூன்று கடை தள்ளி இருக்கும் சலூன்தான் கண்ணில் நின்றது. தினத்தந்தி, ஓடும் டிவி, காத்திருக்கும் பெஞ்ச், யாரும் அவசரப்படாத ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியில் வாய் திறக்காதவன் அங்கே குடும்பக் கதை முழுக்கச் சொல்வான். நம் பக்கம் முடிதிருத்துகிறவர்களை மருத்துவர் என்றுதான் அழைத்தார்கள். கட்டி கீறியதும் புண்ணுக்கு மருந்து போட்டதும் அவர்கள். அந்த வீட்டுப் பெண்கள்தான் ஊருக்குப் பிரசவம் பார்த்தவர்கள். வேலையை வாங்கிக்கொண்டு மரியாதையைக் கொடுக்காதது வேறு கதை.

சலூன்காரர் என் சிநேகிதர். கேட்டேன். "எங்க தாத்தா கத்தியால பாத்த வைத்தியத்த நான் கையில பி.பி. பட்டி கட்டிப் பாக்கணும், அவ்வளவுதான?" என்றார்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆண்கள் எல்லாரும் கரையில்தான். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பி.பி. மிஷினும் ஒரு நோட்டும் வைக்கப் போகிறேன்.

11 மே 2025

முதல் ஞாயிறு. பதினாறு பேருக்குப் பார்த்தோம். பதினோரு பேருக்கு அதிகம்! எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. ஊரே வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

12 மே 2025

வெடிக்கவில்லை. தவறு என்னுடையது. டீ குடித்த கையோடு, பீடியைக் கீழே போட்ட கையோடு பார்த்திருக்கிறோம். அரை மணி முன்னால் இரண்டும் கூடாது, ஐந்து நிமிடம் சாய்ந்து சும்மா உட்கார வேண்டும், கால் தரையில் பட வேண்டும். கடையில் வாடிக்கையாளருக்குத் தினமும் சொல்கிற விஷயம். சலூனில் கூட்டத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். சில பேருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஷேவிங் நடக்கும்போதே பார்த்தோம். கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது யாருக்குத்தான் பிரஷர் ஏறாது என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயம்.

வலை இழுத்துப் பருத்த கைக்குச் சாதாரணப் பட்டி சிறியது, அதிலும் அளவு கூடக் காட்டும். பெரிய பட்டி வாங்கியாயிற்று. பதினோரு பேரில் மறுபடி முறையாகப் பார்த்ததும் நின்றது ஆறு.

19 மே 2025

"மாத்திரையை வீடு தேடிப் போய்க் கையில் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது" என்று நெய்வேலி நண்பர் எழுதியிருக்கிறார். யானைக்கால் மாத்திரை நினைவிருக்கிறதா?

தொண்ணூறுகளின் பிற்பகுதி. இந்த மாவட்டத்தில் வருடத்துக்கு ஒரு நாள் வீடு வீடாக டி.இ.சி. மாத்திரை கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு மூன்று. எங்கள் தெருவில் வாங்காத வீடே கிடையாது. கணக்கில் நூற்றுக்கு நூறு வந்திருக்கும். விழுங்கியவர்கள் எத்தனை பேர்? எங்கள் வீட்டு மாத்திரை சாமி மாடத்தில் இரண்டு நாள் இருந்தது, அப்புறம் அம்மா உப்பனாற்றில் வீசிவிட்டார். முந்தின வருடம் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாத்திரை போட்டுக் காய்ச்சலும் மயக்கமுமாகப் படுத்தார் என்று பேச்சு. அந்தப் பயம்.

பிற்பாடு படித்தபோதுதான் புரிந்தது. இரத்தத்தில் புழுக் குஞ்சு இருப்பவர்களுக்குத்தான் அந்தக் காய்ச்சல் அதிகம் வரும், மருந்து பட்டு அவை சாவதால். காய்ச்சல் வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு வரியை மாத்திரையோடு சேர்த்துச் சொல்லியிருந்தால் பாதி உப்பனாறு பிழைத்திருக்கும். பிறகு கண்முன்னே விழுங்க வைக்க ஆரம்பித்தார்கள். கொடுப்பது வேறு, உள்ளே போவது வேறு.

24 மே 2025

உப்பு பற்றிக் கேட்டவருக்கு. கருவாடு விற்கிற ஊரில் உப்பைக் குறை என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சீனாவில் வேறு மாதிரி செய்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, உப்பையே மாற்றிவிட்டார்கள். 600 கிராமங்கள், கிட்டத்தட்ட 21,000 பேர். பாதிக் கிராமங்களுக்குச் சோடியம் குளோரைடு முக்கால் பங்கு, பொட்டாசியம் குளோரைடு கால் பங்கு கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். சுமார் ஐந்து வருடத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-இல் வெளிவந்தது. யாரும் நாக்கைக் கட்டவில்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்த வகை உப்பு கடைகளில் வருகிறது, சாதாரண உப்பைவிட விலை கூட. நான் நாலைந்து பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கருவாட்டை இரண்டு முறை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் உப்பு கணிசமாகப் போகும். இது அம்மா சொன்னது, சீனாக்காரர்கள் இல்லை.

1 ஜூன் 2025

இங்கே எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். யானைக்கால் மாத்திரைக் கதையில் நிறுத்தச் சொன்னார்.

"பயந்தா வீசுனேன்? எவன் சொன்னான்? வெறும் வயத்துல போடாதன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. அன்னிக்கு வீட்டுல அரிசி இல்ல. மறுநாளு போடலாம்னு வச்சேன். மறுநாளும் இல்ல."

இருபத்தெட்டு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் கதை இது. பயம், வதந்தி, விளக்கம் சொல்லாத அரசு என்று நன்றாகத்தான் கோத்து வைத்திருந்தேன். நானும் அதே வீட்டில்தான் இருந்தேன். அரிசி இல்லாத நாள் எனக்கு ஞாபகம் இல்லை. அப்படியென்றால் எனக்கு மட்டும் சோறு இருந்திருக்கிறது.

19 மே குறிப்பில் மருந்து பற்றி எழுதியது சரி. எங்கள் வீட்டைப் பற்றி எழுதியது தவறு. அழிக்காமல் விடுகிறேன்.

8 ஜூன் 2025

பண்ருட்டி நண்பர் முந்திரி உடைக்கும் பெண்களைப் பற்றி எழுதியதை எல்லாரும் படியுங்கள். ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்து தோல் உரிகிறது, கையுறை வாங்கிக் கொடுத்தோம், ஒரு வாரத்தில் கழற்றி மாட்டிவிட்டார்கள், அலட்சியம் என்கிறார். அவரே நாலு வரி தள்ளி, கூலி கிலோ கணக்கு என்றும் எழுதியிருக்கிறார். கையுறை போட்டால் விரலுக்குப் பருப்பு தட்டுப்படாது, பருப்பு உடையும், வேகம் குறையும். கையுறை இலவசம் என்று யார் சொன்னது? தினமும் கூலியில் பிடிக்கிறதே. அதனால்தான் சாம்பலையும் விளக்கெண்ணெயையும் பூசிக்கொண்டு உட்காருகிறார்கள்.

"குடிக்க மட்டும் காசு இருக்கிறதா" என்று கேட்டவருக்கு நான் பதில் எழுதப் போவதில்லை. என் கடையிலும் தினம் ஒருவர் கேட்கிறார். புகையிலைக்கு மட்டும் சொல்கிறேன். கடலில் பீடி நமத்துப்போகும், காற்றில் நிற்காது. ராத்திரி தூக்கத்தை விரட்ட உதட்டில் அடக்குகிறார்கள். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, பான்மசாலாவுக்குத் தடை. கிடைக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும்.

10 ஜூன் 2025

"ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துக் கொடுத்தால்தான் மருந்துக்கு மரியாதை, வீட்டில் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள்" என்பவருக்கு: இந்தச் சண்டையை 1950-களிலேயே மெட்ராஸில் தீர்த்துவிட்டார்கள். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு என்றிருந்த காலம். 1956-இல் தொடங்கிய மையத்தில் நோயாளிகளில் பாதிப்பேரைச் சானடோரியத்தில் வைத்தார்கள், பாதிப்பேரைக் குடிசைக்கே அனுப்பி அங்கே மருந்து கொடுத்தார்கள். ஒரு வருடம். 1959-இல் வந்த முடிவில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாகக் குணமானார்கள். நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, இருந்தும் மருந்து வேலை செய்தது. உலகமே அதற்கப்புறம் மாறியது. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தில் சானடோரியம் என்ற பெயர் மட்டும் இன்னும் நிற்கிறது.

இப்போதைய மக்களைத் தேடி மருத்துவம் அந்த வழிதான். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்களே தன்னார்வலர்களாக வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெருவுக்கு அந்தத் தங்கச்சி வருவது பதினோரு மணி. முகாம் மாதிரியே மறுபடியும் அதே காலை நேரம்! மீன் விற்கப் போனவர்களின் மாத்திரை பக்கத்து வீட்டில் சேருகிறது.

11 ஜூன் 2025

அரசின் நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின் எட்டுக் கிலோமீட்டர் நடையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். "கூடையோடவா, கூடை இல்லாமலா?" என்று கேட்டார்.

15 ஜூன் 2025

தடைக்காலம் முடிந்தது. சலூன் காலி. நோட்டைக் கூட்டிப் பார்த்தேன்.

ஐந்து ஞாயிறு. எண்பத்துமூன்று பேர். முறையாக இரண்டு முறை பார்த்தும் அதிகம் என்று நின்றவர்கள் இருபத்தேழு. எல்லாருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். போனவர்கள் ஆறு. அந்த ஆறில் இரண்டு பேர் சலூன்காரர் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனவர்கள்.

மனசு விட்டுப்போய் அந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வை மறுபடி படித்தேன். மே 5-இல் நான் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அங்கே மீதிப் பாதிக் கடைகளில் முடிதிருத்துபவர் மருத்துவரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவதோடு சரி. அவர்களுக்கு இறங்கியது 9 சொச்சம். 27 இறங்கியது மருந்தாளுநர் அங்கேயே மருந்து எழுதிக் கொடுத்த கடைகளில். அங்கே மருந்தாளுநர்கள் மருத்துவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மருந்து எழுதலாம். நான் இங்கே எழுத முடியாது. எழுதவும் கூடாது என்றுதான் நினைக்கிறேன், என்னைப் போன்ற கடைக்காரன் எழுத ஆரம்பித்தால் எது அதிகம் விற்கிறதோ அதைத்தான் எழுதுவான்.

நான் சலூனைப் பார்த்து மயங்கிவிட்டேன். சலூன் வெறும் இடம். மருந்து அந்த இடத்துக்கு வந்ததுதான் விஷயம். நான் செய்தது எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தி, பதினோரு மணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. கேள்வி கேட்டவரின் முகாமைக் கிண்டல் செய்த நான் செய்ததும் ஒரு முகாம்தான், சுண்டல்கூட இல்லாத முகாம்.

22 ஜூன் 2025

திருத்தம், முக்கியம். மே 24-இல் உப்பு பற்றி எழுதியதைப் படித்து யாராவது பொட்டாசியம் கலந்த உப்பு வாங்கியிருந்தால் நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் இது ஆபத்து. இதயத்துடிப்பே தடுமாறலாம். சீன ஆய்விலேயே அப்படிப்பட்டவர்கள் உள்ள வீடுகளைச் சேர்க்கவில்லை. நான் சொன்ன நாலைந்து பேரில் ஒருவருக்குக் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) கூட என்று அவர் மகள் சொல்லித்தான் தெரிந்தது. பாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு முழுக்க எனக்கே என் மேல் எரிச்சல்.

6 ஜூலை 2025, இரவு 11.30

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். எழுதிக்கோ என்றார்.

போன மாதம் சலூன் மிஷின் வீட்டுக்கு வந்துவிட்டது. சும்மா இருக்கட்டும் என்று அம்மாவுக்குத் தினமும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை 168. திங்கள் காலை 138. அடுத்த வாரமும் இதே மாதிரி. வியாபாரத்துக்குப் போனால் ஏற்றம், வீட்டில் இருந்தால் இறக்கம். மீன் விற்கிற அலைச்சல் என்று நினைத்தேன். பிறகு அட்டையைப் பார்த்தேன். மாத்திரை என் கடையிலிருந்துதான் போகிறது. பத்து நாளில் தீர வேண்டிய அட்டை பதினாறு நாள், பதினேழு நாள் வந்திருக்கிறது. இரண்டு வருடமாக. வாடிக்கையாளர் அட்டையை எண்ணுகிற நான் வீட்டில் எண்ணவில்லை.

கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்.

"அதப் போட்டா ஒண்ணுக்கு வந்துகினே இருக்குதுடா. மார்க்கெட்டுல எங்க போறது? இருக்கிற ஒண்ணும் பூட்டிக் கெடக்குது. நீ ஆம்பள, செவத்தப் பாத்து நின்னுடுவ. அதான் வியாபாரத்துக்குப் போற நாளுல போடறதில்ல. தண்ணியும் குடிக்கறதில்ல."

அவருக்கு எழுதியிருந்தது நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த மாத்திரை. மலிவான, நல்ல மருந்து. ஆயிரம் அட்டை விற்றிருப்பேன். காலையில் போடுங்கள், ராத்திரி போட்டால் தூக்கம் கெடும் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லியிருக்கிறேன். காலையில் போட்டுவிட்டு எங்கே போவார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மருத்துவரிடம் கூட்டிப் போனேன். சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். நீர் மருந்து இல்லாத வேறு சேர்மானம் எழுதினார். அம்மா வெளியே வந்ததும், "இது மாதிரி இன்னொரு மாத்திர இருந்திச்சா? அப்ப மொதல்லியே இத ஏன் எழுதல?" என்றார். நாம சொல்லலையே என்றேன். "கேக்கலையே" என்றார்.

7 ஜூலை 2025

இன்று நீர் மாத்திரை வாங்க வந்த மூன்று பெண்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒருவர் முறைத்தார். இரண்டு பேர் சிரித்துவிட்டு, "ஆமாந்தம்பி" என்றார்கள்.

யாரும் தானாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லுங்கள்.

20 ஜூலை 2025

தன்னார்வலர் தங்கச்சியும் நானும் சேர்ந்து ஒரு யோசனை செய்தோம். விடிகாலை ஏலத்துக்குப் போகிற பெண்கள் எல்லாரும் துறைமுகத்து வாசல் ஆயா கடையில்தான் இட்லி சாப்பிடுகிறார்கள். மாத்திரையைப் பெயர் எழுதின டப்பாவில் போட்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டால்? சாப்பிட்டதும் கையோடு விழுங்கிவிடலாம். வெறும் வயிறும் இல்லை, மறதியும் இல்லை. ஆயாவுக்கு ஏக உற்சாகம். மாத்திரை போடாதவளுக்குச் சட்னி கிடையாது என்று அறிவித்துவிட்டார்.

பத்து நாள் பிரமாதமாகப் போனது.

27 ஜூலை 2025

பதினோராவது நாள் ஒரு அக்கா வந்து டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். அம்மாவுக்குச் சுகர் என்று இட்லிக் கடை வரைக்கும் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய எவ்வளவு நேரம்? "நான் வீட்டுலயே போட்டுக்கறேன் தம்பி, சத்தியமா" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. டப்பாவில் பெயருக்குப் பதில் மீன் படம் ஒட்டலாம் என்று தங்கச்சி சொல்கிறாள். ஒருத்திக்கு வஞ்சிரம், ஒருத்திக்குச் சுதும்பு. யாருக்கு வஞ்சிரம் என்பதில் இப்போதே சண்டை.

3 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்டவர் போன வாரம் கடைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர், என் கிண்டலை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த முகாமைச் சாயங்காலம் ஆறரை மணிக்கு, ஏலக்கூடத்தில் வைக்கிறாராம். மாத்திரை அங்கேயே ஒரு மாதத்துக்குக் கொடுக்க சுகாதார நிலைய மருத்துவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். சீட்டு எழுதி அனுப்புகிற வேலை இல்லை. சுண்டல் உண்டு.

அம்மாவிடம் சொன்னேன். நேரம் சரிதான் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கக்கூசு தெறந்திருக்குமா?" என்றார்.

முகாம் போடுகிறவருக்குப் போன் செய்து கேட்டேன். இருக்கிறதாம். சாவி யாரிடம் என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.